கல் மிதக்கும் தண்ணீர்: அடர் திரவங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

தாது மணல் (மதிப்புள்ள கனிம மணிகள் கலந்த கடற்கரை மணல்) என்று பேச்சு எடுத்தாலே இரண்டு கருத்துகள் கூடவே வந்துவிடும். ஒன்று, "மணலை ஏதோ ஆசிட்டில் போட்டுக் கரைத்துத்தான் கனிமத்தைப் பிரிக்கிறார்கள்" என்பது. இன்னொன்று கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது: "அதெல்லாம் பழைய காலம், இப்போது கனிமத்தை மிதக்கவிட்டுப் பிரிக்க விஷமே இல்லாத திரவம் வந்துவிட்டது, குடித்தால்கூட ஒன்றும் ஆகாது." இரண்டுமே தப்பு. மணல் மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் கட்டத்தில் எதையும் யாரும் கரைப்பதில்லை (பிரித்தெடுத்த மோனசைட் என்ற கனிமத்தை அப்புறம் ரசாயனத்தால் உடைப்பது தனிக் கதை). இரண்டாவது கருத்தில், "பழையதைவிட ஆபத்து குறைவு" என்று யாரோ சொன்னது வாய்மாறி வாய்மாறி "ஆபத்தே இல்லை" என்று ஆகியிருக்கிறது.

உண்மையில் நடப்பது என்ன என்பதை விதை நெல்லிலிருந்து தொடங்கினால் சுலபமாகப் புரியும்.

முட்டை மிதக்கும் உப்புத் தண்ணீர்

விதை நெல் தேர்வு செய்வதைப் பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் ஊரில் கேட்டாவது இருப்பீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு முட்டையைப் போடுவார்கள். நல்ல முட்டை என்றால் அடியில் போய் உட்காரும். பிறகு உப்பைக் கொட்டிக் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கட்டத்தில் முட்டை மேலே எழும்பி, அதன் தலை நாலணா அகலத்துக்கு வெளியே தெரியும். அங்கே நிறுத்திவிட்டு, முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டுவார்கள். பதரும் அரைகுறையாகப் பால் பிடித்த நெல்லும் மிதக்கும், நன்றாக முற்றிய நெல் மூழ்கும். மிதந்ததை அள்ளிக் கொட்டிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுத்தால் விதை தயார்.

இதில் உப்பு என்ன வேலை செய்தது? நெல்லை அது ஒன்றும் செய்யவில்லை. வெறும் தண்ணீரில் போட்டிருந்தால் பதர் மட்டும்தான் மிதந்திருக்கும், அரைகுறை நெல் முற்றிய நெல்லோடு சேர்ந்து மூழ்கியிருக்கும். உப்பு போட்டதும் "இதற்கு மேல் இருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி" என்கிற கோடு கொஞ்சம் உயர்ந்தது, அவ்வளவுதான். முட்டை அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று காட்டும் அளவுகோல். பால்காரரின் லாக்டோமீட்டரும், பேட்டரிக் கடையில் ஆசிட்டுக்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடிக் குழாயும் அதே முட்டைதான், என்ன, எண்கள் எழுதியிருக்கும்.

கனிமங்களைப் பிரிக்கும் திரவமும் இதேதான். கோடு மட்டும் மிக மிக உயரத்தில் இருக்க வேண்டும்.

கனம் வேறு, அடர்த்தி வேறு

பேச்சுவழக்கில் "கனமானது மூழ்கும்" என்கிறோம். ஒரு டன் மரக்கட்டை மிதக்கிறது, ஒரு கிராம் ஆணி மூழ்குகிறது, ஆகவே அந்தப் பேச்சு தப்பு. பார்க்க வேண்டியது அடர்த்தியை. ஒரு பொருளில் ஒரு கன சென்டிமீட்டர் அளவை எடுத்தால் அது எத்தனை கிராம் இருக்கும் என்பதுதான் அடர்த்தி. தண்ணீர் 1. இனி வெறும் எண்ணாகவே சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் "கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம்" என்று எழுதினால் படிப்பவருக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு.

திரவத்துக்குள் போன எந்தப் பொருளும் தன் பருமன் அளவுக்குத் திரவத்தை விலக்குகிறது, விலகிய திரவத்தின் எடை எவ்வளவோ அவ்வளவு விசை அதை மேலே தள்ளுகிறது. ஆர்க்கிமிடிஸ் சொன்னது, ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது. பொருளின் அடர்த்தி திரவத்தின் அடர்த்தியைவிடக் குறைவு என்றால் மேலே தள்ளும் விசை ஜெயிக்கும், அதிகம் என்றால் எடை ஜெயிக்கும். பெரிய துண்டா சின்னத் துண்டா, உருண்டையா தட்டையா என்பதற்கு இதில் பேச்சே இல்லை.

முறத்தில் புடைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முறத்திலும் சரி, அரிசியைத் தண்ணீரில் அரித்துக் கல்லை ஒதுக்கும்போதும் சரி, மணியின் அளவும் வடிவமும் குறுக்கே வரும். கடற்கரையில் அலை செய்வதும் ஒரு பெரிய அரிப்பு வேலைதான், அதனால்தான் சில இடங்களில் மணல் கறுப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாகக் கிடக்கிறது. ஆனால் அலையால் சுத்தமாகப் பிரிக்க முடியாது, ஏனென்றால் ஒரு பெரிய குவார்ட்ஸ் மணியும் (சாதாரண வெள்ளை மணல்) ஒரு குட்டி இல்மனைட் மணியும் (அதைவிட அடர்த்தியான கறுப்புக் கனிமம்) தண்ணீரில் ஒரே வேகத்தில் இறங்கி ஒரே இடத்தில் படியும். அடர் திரவத்தில் அந்த ஏமாற்று நடக்காது. குவார்ட்ஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேலேதான், இல்மனைட் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கீழேதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: திரவம் ஒரு கோடு போடுகிறது, கோட்டுக்குக் கீழான அடர்த்தி மிதக்கும், மேலானது மூழ்கும், எதுவும் கரைவதில்லை.

மணவாளக்குறிச்சி மணலில் கோடு எங்கே?

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலையே எடுத்துக்கொள்வோம். இந்தக் கரையோர மணலின் மதிப்பு வெளியே தெரிந்தது 1909 வாக்கில். ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டிக்கொண்டு போன மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். கயிறு வாங்கப் போய்க் கனிமம் கிடைத்த கதை. இன்று அங்கே இந்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் ஆலை இருக்கிறது.

இந்த மணலில் சாதாரண வெள்ளை மணி என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், அடர்த்தி 2.65. ஃபெல்ட்ஸ்பார் 2.56இலிருந்து 2.76 வரை. மதிப்புள்ளவை எல்லாம் இதற்கு மேலே இருக்கின்றன: சிலிமனைட் சுமார் 3.2, கார்னெட் 4 பக்கம், ரூட்டைல் 4.2, சிர்கானும் இல்மனைட்டும் 4.7 பக்கம், மோனசைட் 5ஐ ஒட்டி. நடுவில் 2.8, 2.9 பகுதி ஏறக்குறைய காலி. ஒரு திரவம் 2.9இல் கோடு போட்டுக் கொடுத்தால் ஒரே அடியில் வேண்டாதது மேலே, வேண்டியது கீழே. புவியியலில் "கன கனிமங்கள்" என்று சொல்வதே நடைமுறையில் இந்தக் கோட்டுக்குக் கீழே மூழ்குபவற்றைத்தான்.

ஒரு சின்ன சிக்கல் உண்டு, கடற்கரை மணலில் கிளிஞ்சல் தூள் இருக்கும். கிளிஞ்சலில் இரண்டு வகைச் சுண்ணாம்புக் கனிமம் உண்டு, கால்சைட் 2.71, அரகோனைட் 2.93. அரகோனைட் கோட்டைத் தாண்டி மூழ்கி, கன கனிமம் போல வேஷம் போடும். அதனால் முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கிளிஞ்சலைக் கரைத்துவிட்டுத்தான் மணலைத் திரவத்தில் போடுவார்கள். "ஆசிட்டில் போடுகிறார்கள்" என்ற பேச்சு ஒருவேளை இங்கிருந்துகூட வந்திருக்கலாம்.

சரி, 2.9க்கு எங்கே போவது? உப்பை எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் 1.2இல் நின்றுவிடும், அதற்கு மேல் உப்பு கரையாது. தேன் 1.4. பாதரசம் 13.6 என்று யாராவது உடனே சொல்வார்கள். பாதரசத்தில் மோனசைட் என்ன, இரும்புக் குண்டே மிதக்கும். எல்லாமே மிதந்தால் அப்புறம் எதைப் பிரிப்பது?

புரோமோஃபார்ம்: பழைய விடை

ஒரு திரவம் கனக்க வேண்டும் என்றால் அதற்குள் கனமான அணுக்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். குளோரோஃபார்ம் தெரியும் அல்லவா, சினிமாவில் கைக்குட்டையில் நனைத்து மூக்கில் வைப்பார்களே, அது. ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன், மூன்று குளோரின், அடர்த்தி சுமார் 1.5. குளோரின் இருந்த இடத்தில் அதைவிட இருமடங்குக்கு மேல் கனமான புரோமினை வைத்தால் கிடைப்பது புரோமோஃபார்ம், 2.89. அதன் எடையில் கிட்டத்தட்ட 95 சதவீதம் புரோமின்தான். இன்னும் மேலே போக டெட்ராபுரோமோஈத்தேன் 2.96, அயோடினை வைத்த டைஅயோடோமீத்தேன் 3.3.

புரோமோஃபார்ம் புட்டியை முதல் முறை தூக்குபவர் கண்டிப்பாக ஏமாறுவார். ஒரு லிட்டர் புட்டிதானே என்று கையை நீட்டினால் மூன்று கிலோ கை இறங்கும். நான் படித்த காலத்தில் எங்கள் ஆய்வகத்தில் இதைத்தான் பயன்படுத்தினோம். காற்றை இழுத்து வெளியேற்றும் பெட்டி ஒன்று இருந்தது, அதன் விசிறி ஓடி நான் பார்த்ததில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. இனிப்பான ஒரு வாசனை, மதியத்துக்குள் தலைவலி, "பழகிவிடும்" என்று ஆறுதல்.

பழகக்கூடாத விஷயம் அது. புரோமோஃபார்மின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், அதிகமானால் மயக்கம் வரும், தோல் வழியாகவும் உள்ளே போகும், நாள்பட்டால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். டெட்ராபுரோமோஈத்தேனும் கல்லீரலைத் தாக்குவதுதான். மணிகளைக் கழுவ அசிட்டோனோ ஆல்கஹாலோ வேண்டும், அவை தீப்பற்றும். இவை எல்லாவற்றுக்கும் அண்ணன் ஒன்று உண்டு, 1907இல் இத்தாலியர் கிளெரிசி சொன்ன கரைசல். தாலியம் என்ற உலோகத்தின் இரண்டு உப்புகளைத் தண்ணீரில் கரைத்தது, அறை வெப்பத்திலேயே 4.2ஐத் தாண்டும், ரூட்டைலே தத்தளிக்கும். தாலியம் எலி பாஷாணமாக விற்ற பொருள், தோல் வழியாகவே உடம்பில் ஏறும். தண்ணீரில் கரைத்தது என்பதாலேயே ஒரு திரவம் சாது ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

டங்ஸ்டன் கூண்டு

மாற்று வழி பரவலானது 1980களின் பிற்பகுதியில். சோடியம் பாலிடங்ஸ்டேட் என்று ஒரு உப்பு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது முட்டை மிதக்கும் உப்புத் தண்ணீரின் பெரிய தம்பிதான்.

சாப்பாட்டு உப்பு ஏன் 1.2இல் நிற்கிறது? சோடியமும் குளோரினும் லேசான அணுக்கள், அதோடு தண்ணீர் ஒரு அளவுக்கு மேல் அவற்றை ஏற்றுக்கொள்ளாது. டங்ஸ்டன் அணு சோடியத்தைவிட எட்டு மடங்கு கனம். பாலிடங்ஸ்டேட்டில் பன்னிரண்டு டங்ஸ்டன் அணுக்கள் ஆக்சிஜனோடு கைகோத்து ஒரு கூண்டு மாதிரி நிற்கின்றன. ஒரு கூண்டின் எடை ஒரு தண்ணீர் மூலக்கூறைப்போல 150 மடங்குக்கும் மேல். ஆச்சரியம் என்னவென்றால் இவ்வளவு பெரிய கூண்டு தண்ணீரில் தாராளமாகக் கரையும். கரைத்துக்கொண்டே போனால் 3.1 வரை அடர்த்தி ஏறும். குவார்ட்ஸ் கல் அதன்மேல் தக்கை மாதிரி மிதக்கும், முதல் முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இதே குடும்பத்தில் சோடியத்துக்குப் பதில் லித்தியம் வைத்த திரவங்களும் உண்டு. அவை அவ்வளவு பிசுபிசுப்பாக இருக்காது. அடர்த்தி 2.85, 2.95 என்று கிடைக்கும்.

ஆவி வராது, வாசனை இல்லை, தீப்பற்றாது, கழுவத் தண்ணீர் போதும். "பாதுகாப்பான" என்று சொல்வதன் பொருள் இது மட்டும்தான். விழுங்கினால் கெடுதல், கண்ணில் பட்டால் எரியும், சாக்கடையில் ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் வேலை.

சுருக்கம்: பழைய திரவங்கள் புரோமினாலும் அயோடினாலும் கனத்தன, ஆவியாகி மூச்சில் கலந்தன. புதியவை டங்ஸ்டன் உப்பு கரைந்த தண்ணீர், மூச்சில் கலப்பதில்லை. போடும் கோடு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆய்வகத்தில் ஒரு மதியம்

அடியில் திருகு உள்ள புனல் ஒன்று, பிரிபுனல் என்பார்கள். அதில் திரவத்தை ஊற்றி, கழுவி உலர்த்தி எடை பார்த்த மணலைக் கொட்டிக் கலக்கி, காத்திருக்க வேண்டும். கறுப்பும் சிவப்புமாக மணிகள் இறங்கிக் கழுத்தில் சேரும், மேலே வெள்ளையாக ஒரு ஆடை மிதக்கும், நடுவில் தெளிந்த திரவம். திருகைத் திறந்தால் கீழே இருப்பது வடிதாளில் விழும். அதை அலசி, உலர்த்தி, எடை போட்டு, மொத்த எடையால் வகுத்தால் "இந்த மணலில் இத்தனை சதவீதம் கன கனிமம்" என்ற எண் கிடைக்கும்.

டங்ஸ்டன் திரவத்தின் பெரிய வசதி, கோட்டை நம் இஷ்டத்துக்கு இறக்கலாம், தண்ணீர் சேர்த்தால் போதும். கணக்கும் எளிது. 2.85 அடர்த்தியுள்ள திரவம் 100 மி.லி. இருக்கிறது, 2.60 வேண்டும் என்றால் சுமார் 16 மி.லி. தண்ணீர். அந்த 2.60இல் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் மிதக்கும், குவார்ட்ஸ் மூழ்கும். புதைந்து கிடக்கும் மணல் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று கணித்து அகழாய்வு இடங்களுக்கு வயது சொல்லும் ஆய்வகங்களில் இந்தப் பிரிப்பு அன்றாட வேலை. அடர்த்தி சரியா என்று பார்க்க முட்டை வேண்டாம், 10 மி.லி. எடுத்துத் தராசில் வைத்தால் 26 கிராம் காட்ட வேண்டும்.

கழுவிய தண்ணீரைக் கொட்டிவிடக்கூடாது, அதில்தான் காசு இருக்கிறது. இந்த உப்பு விலை அதிகம். வடிகட்டி, மிதமான சூட்டில் தண்ணீரை ஆவியாக்கினால் பழைய அடர்த்திக்குத் திரும்பிவிடும், மறுபடி பயன்படுத்தலாம்.

அதற்கென்று சில பிடிவாதங்கள்

முதலாவது பிசுபிசுப்பு. திரவம் ஓடத் தயங்கும் குணம் அது, தண்ணீருக்கும் தேனுக்கும் உள்ள வித்தியாசம். புரோமோஃபார்ம் தண்ணீர் மாதிரி ஓடும், அடர்த்தி ஏற ஏற பாலிடங்ஸ்டேட் பாகு மாதிரி ஆகிவிடும். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும்: பிசுபிசுப்பால் மணி மிதக்கிறது என்று நினைப்பார்கள். இல்லை. மேலேயா கீழேயா என்பதை அடர்த்திதான் தீர்மானிக்கிறது, எவ்வளவு நேரத்தில் என்பதைப் பிசுபிசுப்பு தீர்மானிக்கிறது. ஆனால் பாதி வழியில் இருக்கும் மணியை "மிதக்கிறது" என்று எண்ணி அவசரப்பட்டுத் திருகைத் திறந்தால் கணக்கு தப்பும். மாவு மாதிரி நுண்ணிய மணிகள் என்றால் மணிக்கணக்கில் காத்திருந்தும் நடக்காது, சுழற்றும் இயந்திரத்தில், அதாவது சென்ட்ரிஃபியூஜில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, குழாய்த் தண்ணீர் ஆகாது. நம் ஊர்த் தண்ணீரில் இருக்கும் கால்சியம் டங்ஸ்டனோடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிவிடும். நான் ஒரு முறை சோம்பல்பட்டு குழாயில் பிடித்துக் கழுவி, தெளிவாக இருந்த திரவம் மோர் மாதிரி ஆனதைப் பார்த்து நின்றிருக்கிறேன். காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான். கிளிஞ்சல் தூளோடு நெடுநேரம் ஊறவிடுவதும் நல்லதல்ல, திரவம் லேசான அமிலத்தன்மை உள்ளது. சாதாரண இரும்புக் கரண்டியால் கலக்கினால் நீலமாக மாறும், கண்ணாடிக் குச்சியோ துருப்பிடிக்காத எஃகோ போதும்.

மூன்றாவது முக்கியமானது. 3.1க்கு மேல் கோடு வேண்டும் என்றால் இந்தத் திரவத்தால் முடியாது. அபடைட் என்ற கனிமத்தையும் சிர்கானையும் பிரிக்க 3.3 வேண்டும், அதற்கு இன்னும் டைஅயோடோமீத்தேன் பக்கம்தான் போகிறார்கள், அல்லது காந்தத்தைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். "விஷத் திரவங்கள் ஒழிந்துவிட்டன" என்று எழுதுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

அப்புறம் திரவம் எதுவானாலும் ஒட்டு மணிகளை ஒன்றும் செய்ய முடியாது. பாதி குவார்ட்ஸ், பாதி இல்மனைட் ஒட்டியிருக்கும் மணியின் அடர்த்தி இரண்டுக்கும் நடுவில், 3.7 பக்கம் இருக்கும். அது மூழ்கும், கூடவே குவார்ட்ஸையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆலையில் இதை ஊற்றுவதில்லை

இவ்வளவும் கிராம் கணக்கில் நடக்கும் ஆய்வக வேலை. டன் கணக்கில் மணலைப் பிரிக்கும் ஆலையில் யாரும் பாலிடங்ஸ்டேட் தொட்டி கட்டி வைப்பதில்லை, கட்டுப்படியாகாது. அங்கே சுருள் வடிவத் தொட்டிகளில் தண்ணீரோடு மணலை ஓடவிடுவது, காந்தம், உயர் மின்னழுத்தம் என்று வேறு வழிகள். அடர் திரவத்தின் வேலை, இந்த மணலைத் தோண்டலாமா, ஆலை ஒழுங்காகப் பிரித்ததா என்று அளந்து சொல்வது.

நிலக்கரி, வைரம் போன்றவற்றில் இந்த யோசனை பெரிய அளவில் வேறு உருவத்தில் இருக்கிறது. நிலக்கரி கழுவும் ஆலைகளில் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலக்கிவிடுவார்கள். கரையாது, சந்தனம் கரைத்த தண்ணீர் மாதிரி மிதந்துகொண்டிருக்கும். ஆனால் உள்ளே போகும் பெரிய கரித் துண்டுக்கு அது கனமான ஒரே திரவம் போலத்தான் படும், கரி மிதக்கும், கல் மூழ்கும். வேலை முடிந்ததும் காந்தத்தால் மேக்னடைட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வைரத்துக்கு அதே இடத்தில் ஃபெரோசிலிக்கான் என்ற இரும்பு-சிலிக்கான் கலவையின் தூள்.

வீட்டில் பார்க்க

டங்ஸ்டன் உப்பு வாங்கத் தேவையில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு துண்டு, அதன் மூடியிலிருந்து ஒரு துண்டு, பழைய ஐஸ்கிரீம் கப்போடு தரும் மொடமொட என்று உடையும் பிளாஸ்டிக் ஸ்பூனிலிருந்து ஒரு துண்டு. மூன்றையும் தண்ணீரில் போடுங்கள். மூடி மிதக்கும் (1க்குக் கீழே), பாட்டில் மூழ்கும் (1.38), ஸ்பூனும் பெரும்பாலும் மூழ்கும் (1.05). இப்போது உப்பைக் கலக்குங்கள், 100 மி.லி.க்கு 30 கிராமுக்கு மேல் கரையும். ஸ்பூன் துண்டு மெதுவாக எழுந்து மேலே வரும், பாட்டில் துண்டு அங்கேயே கிடக்கும். வளையும் வகை ஸ்பூனாக இருந்தால் அது வேறு பிளாஸ்டிக், முதலிலேயே மிதந்துவிடும்.

பாட்டில் துண்டும் மேலே வந்தால் பதறாதீர்கள், அதில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கும். விரலால் தட்டிவிட்டால் இறங்கிவிடும். ஆய்வகத்தில் மணலைக் கொட்டியதும் கண்ணாடிக் குச்சியால் திரும்பத் திரும்பக் கலக்குவதும் இதற்காகத்தான்.